நான்காவது குவார்ட்டர்

ஆட்டம் முடிந்து பத்தொன்பது மணி நேரம் ஆகியும் அதன் கணக்கு முடியவில்லை.

வழக்கமாக இறுதி விசிலின் சத்தம் அடங்குவதற்குள் கணக்குத் தாள் வெளியே போய்விடும். தூத்துக்குடி உள்ளரங்கத்தின் கூரையில் பன்னிரண்டு கேமராக்கள், மரத் தரைக்கு அடியில் அழுத்தம் பார்க்கும் கருவிகள். யார் பந்தைப் பிடுங்கினாள், யார் கொடுத்தாள், யார் கூடையில் போட்டாள், யார் கோட்டைவிட்டாள் என்பதை எல்லாம் அவையே எழுதிவிடும். லீக் அந்த ஏற்பாட்டுக்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. ஆட்டக்காரிகள் அதைச் சித்திரகுப்தன் என்றார்கள்.

சித்திரகுப்தன் எழுதியதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது சண்முகவடிவின் வேலை. பாளையங்கோட்டையில் புள்ளியியல் படித்துவிட்டு முத்துநகர் பெண்கள் கூடைப்பந்து அணியில் சேர்ந்தவள். இந்த ஒன்றரை வருடத்தில் அவள் எதையும் திருத்த வேண்டி வந்ததில்லை. அதிகம் பேசாத ஒருத்திக்கு வசதியான வேலை.

நேற்று முத்துநகர் கோவையை 82–76 என்று வென்றது. தாளின்படி கேப்டன் பிரிசில்லா எடுத்தது 33 புள்ளி. முதல் ஆட்டம் ஆடிய பேச்சியம்மாள் எடுத்தது 2. பார்த்துக்கொண்டிருந்த மூவாயிரம் பேரும் பேச்சி விளாசியதைக் கண்ணால் கண்டிருந்தார்கள். வெளியே டீக்கடையில்கூட சிரித்தார்களாம்.

வடிவு வீடியோவைக் கூடை கூடையாக ஓட்டிப் பார்த்துச் சட்டை எண்ணை வைத்து எண்ணினாள். பிரிசில்லா 16, பேச்சி 19. கூட்டிப் பார்த்தால் இரண்டு விதத்திலும் முப்பத்தைந்துதான்.

"என்னம்மா வடிவு, இன்னுமா கூட்டிக்கிட்டிருக்க?" என்று கோச் பொன்ராஜ் உள்ளே வந்தார்.

"கூட்டல் சரியா இருக்கு சார். ஆள்தான் மாறியிருக்கு."

"மெஷின்னா ஒருநாள் மக்கர் பண்ணத்தான செய்யும்?"

வடிவு வீடியோவை நிறுத்தினாள். சித்திரகுப்தன் சட்டை எண்ணைப் பார்ப்பதே இல்லை. கூடைக்கு அடியில் ஆறு பேர் முட்டிக்கொள்ளும்போது எண் எங்கே தெரியப்போகிறது. அது ஓட்டத்தைப் பார்க்கும். ஒருத்தி எந்தப் பாதத்தை எப்படி ஊன்றுகிறாள், எந்தக் கோணத்தில் திரும்புகிறாள், எம்புவதற்கு முன் எவ்வளவு நேரம் தயங்குகிறாள் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அதற்கு ஆள். கரூர் அணியில் இரட்டையர் இருவர் ஆடுகிறார்கள். பெற்றவளே பெயர் மாற்றிக் கூப்பிடுவாளாம். சித்திரகுப்தன் ஒருநாளும் அவர்களை மாற்றி எழுதியதில்லை.

பேச்சிக்கு அது விட்டுவைத்த இரண்டு புள்ளியும் தண்டனை வீச்சில் வந்தவை. அப்போது அவள் கோட்டில் தனியாக, அசையாமல் நின்றிருந்தாள். ஓடி எடுத்த பதினேழும் கேப்டன் கணக்கில் போயிருந்தன.

கோச் கைபேசியை மேசைமேல் வைத்தார். "படிச்சுப் பாரு. மெட்ராஸ்ல இருந்து இப்பதான் வந்துச்சு."

லீக்கின் நோட்டீஸ். ஆட்டக்காரி பேச்சியம்மாளின் அசைவு ஆட்டக்காரி பிரிசில்லாவின் அசைவோடு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று பொருந்துகிறது. அசைவுப் பட்டை கட்டிச் செய்த அசைவுத் திருட்டு என்று சந்தேகம். விசாரணை நாளை காலை பத்து மணிக்கு. அதுவரை பேச்சியம்மாள் பந்தைத் தொடக் கூடாது.

"நிரூபணமானா?" என்று வடிவு கேட்டாள்.

"ஆயுசுக்கும் ஆட முடியாது. லீக்ல மட்டுமில்ல, காலேஜ்ல, ரயில்வேல, எங்கயும். விளையாட்டுக் கோட்டாவுலதான் அந்தப் பிள்ளைக்குக் காலேஜ் சீட்டே. அதுவும் போச்சு." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒண்ணு சொல்லவா? பிரிசில்லா அப்பவே சொன்னா. இந்தப் பிள்ளை நமக்கு வேணாம் சார், வேற அணி எடுத்துக்கிடட்டும்னா. நான்தான் கேக்கல."

"ஏன் வேணாம்னாங்க?"

"கேட்டேன். அனுபவம் பத்தாதுன்னா. இருவது வயசுல அனுபவம் என்ன, சந்தையிலயா விக்கிது?"

*

பேச்சி பார்வையாளர் கேலரியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கீழே மற்றவர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வடிவைப் பார்த்ததும் பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பந்தத் தொடக் கூடாதுன்னாய்ங்க. பாக்கலாமான்னு கேட்டேன். பாக்கலாமாம்" என்றாள்.

பெரியகுளத்துக்காரி. அப்பா மாங்காய் மண்டியில் லோடு ஏற்றுகிறவர். நேற்று ஆட்டம் முடிந்ததும் அவர் கைபேசியில் அழைத்து, ரெண்டு புள்ளின்னு போட்டிருக்கே, நான் பாத்தது யாரைத் தாயி என்று கேட்டாராம். சொல்லிவிட்டுப் பேச்சி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அந்தப் பட்டைங்கிறாய்ங்களே, அது எப்படிக்கா இருக்கும்? நான் கண்ணால கண்டதில்ல."

"மெல்லிசு துணி மாதிரி இருக்கும். அடிபட்டவங்களுக்குன்னு கண்டுபிடிச்சது." வடிவு குரலைத் தணித்தாள். "முட்டி ஆபரேஷன் ஆனவங்களுக்குக் காலு நடையே மறந்திரும். நல்லா நடக்குத ஒருத்தர் அசைவப் பதிஞ்சு பட்டையில ஏத்திருவாங்க. கட்டிக்கிட்டா அது தசைய இழுக்க வேண்டிய நேரத்துல இழுக்கும். காலு அது சொன்னபடி போகும்."

"அப்ப இரவல் காலு."

"ஆமா. அதக் கட்டிக்கிட்டு ஓடலாம்னு பிறகுதான் கண்டுபிடிச்சாங்க. உடனே தடையும் போட்டாங்க."

"வலிக்காதா?"

"ஆடும்போது தெரியாது. தசை களைச்சாலும் பட்டை விடாது, இழுத்துக்கிட்டே இருக்கும். உள்ளுக்குள்ள நாரு நாராப் பிய்யும்னு சொல்லுதாங்க. பிறகு வலிக்கும்."

பேச்சி தன் முழங்காலைப் பார்த்தாள். "கணக்கு மாறுனதும் நேத்தே டாக்டரம்மா வந்து தலையிலருந்து காலு வரைக்கும் தடவிப் பாத்துட்டாங்க. ஒண்ணுமில்ல. பெறகு என்னக்கா?"

"ஆறு மாசம் கட்டிப் பழகினா அசைவு உடம்புல தங்கிருமாம். கழட்டினாலும் போகாதாம். அதனால, இல்லைங்கிறது சாட்சி ஆகாது."

"இதென்னக்கா நாயம். இருந்தாலும் குத்தம், இல்லாட்டியும் குத்தம்."

கீழே பிரிசில்லா பந்தோடு கூடையை நோக்கி ஓடினாள். வலது பாதம் லேசாக வெளிப்பக்கம் திரும்பி ஊன்றியது, ஒரு கணம் தயங்கினாள், எம்பினாள். முப்பத்துநாலு வயது. வலது முழங்காலில் எப்போதும் போடும் கறுப்பு உறை. பேச்சியின் முகம் அந்த ஓட்டத்தோடு கூடவே திரும்பியது.

"நான் வேணும்னா ஒத்துக்கிருவேன்க்கா" என்றாள். "எட்டாப்புல இருந்து அவுக ஆட்டத்தப் பாத்துப் பாத்துத்தான் ஆடுனேன். எனக்கே தெரியாம ஒட்டிக்கிருச்சோ என்னமோ. ரெண்டு வருசம் முன்னால எங்க ஊருல கேம்ப் போட்டாகல்ல, அப்பத்தான் மொத மொத நேர்ல பாத்தேன். உடம்பு பூரா பொட்டு பொட்டா ஒட்டி ஓட விட்டாக. நாப்பது பேரு. அம்புட்டுப் பேர்ல என்னையத்தான் மறுபடி மறுபடி ஓடச் சொன்னாக. மூணு நாளும். கடைசி நாளு தலையத் தடவி, நல்லா வருவன்னாக." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பறம் எதுக்கு என்னைய அணியில வேணாம்னாகளோ, பொண்ணுக பேசிக்கிட்டாக."

வடிவு கீழே பிரிசில்லாவைப் பார்த்தாள்.

"நேத்து பாத்தியளாக்கா? நான் எங்க திரும்பப்போறேன்னு எனக்கே தெரியாது, அவுகளுக்குத் தெரியுது. பந்து முன்னாலயே வந்து நிக்கிது."

அது உண்மை. பேச்சி ஓடிப் போட்ட எட்டுக் கூடைகளில் ஏழுக்குப் பந்து கொடுத்தது பிரிசில்லா. இரண்டு பேரும் ஒன்றாகப் பயிற்சி எடுத்தது நான்கு நாள்தான்.

*

விசாரணைக்கு இரண்டு ஆட்டக்காரிகளின் புள்ளிவிவரத்தையும் குவார்ட்டர் வாரியாக, ஆட்டத்தின் நான்கு கால்பகுதிக்கும் தனித்தனியாகக் கேட்டிருந்தார்கள். வடிவு அறைக்குத் திரும்பி அதைப் பிரித்துப் போட்டாள்.

பேச்சி முதல் மூன்று குவார்ட்டரில் பதினேழு. கடைசிக் குவார்ட்டரில் அந்த இரண்டு தண்டனை வீச்சு மட்டும். ஐந்து முறை எறிந்து ஐந்தும் விளிம்பில் பட்டுத் திரும்பியிருந்தன. பிரிசில்லாவின் பதினாறில் ஒன்பது கடைசிக் குவார்ட்டரில். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நான்காவது குவார்ட்டர் என்றால் பிரிசில்லா என்பது லீக் முழுக்கத் தெரிந்த விஷயம். அரங்கத்துக்கு வெளியே அவள் படத்தின் கீழ் அதைத்தான் எழுதி வைத்திருந்தார்கள்.

தாளை அனுப்பப் போனவள் நிறுத்திக்கொண்டாள். யாரும் கேட்காத ஓர் எண்ணைத் தேடி எடுத்தாள். ஓடும்போது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் உள்ள தூரம். சித்திரகுப்தன் அதையும் அளக்கும். அளந்து வைத்துக்கொள்ளும்.

கடைசிக் குவார்ட்டரில் பேச்சியின் அடி ஏறக்குறைய ஒரு சாண் குறைந்திருந்தது. களைத்தால் குறையத்தான் செய்யும். ஆடிய மற்ற எல்லாருக்கும் குறைந்திருந்தது, கோவைக்காரிகளுக்கும். பிரிசில்லாவுக்கு ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

வடிவு போன வருட ஆட்டங்களை எடுத்தாள். அதற்கு முந்தியதையும் எடுத்தாள். முழங்கால் அறுவைக்குப் பிறகு பிரிசில்லா ஆடிய எந்த ஆட்டத்திலும் குறையவில்லை. அறுவைக்கு முந்தைய ஆட்டங்களில் மற்றவர்களைப் போலவே குறைந்திருந்தது. அப்போது அவள் வலது பாதம் நேராக ஊன்றியது. அறுவையானால் ஓட்டம் மாறும் என்பது எல்லாருக்கும் தெரியும். லீக்கே அவளை மறுபடி ஓடவிட்டுப் புதிதாகப் பதிந்துகொண்டது.

வடிவுக்கு ஒன்று தோன்றியது. அதை அவள் மனதுக்குள்கூட முழு வாக்கியமாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் அணியோடு மதுரைக்குப் பஸ்ஸில் போனபோது எங்கே உட்காருவது என்று தெரியாமல் படியருகே நின்றிருந்தாள். ஏளா, கம்பியப் பிடிச்சுக்கிட்டு கண்டக்டர் வேலையா பாக்கப்போற, இங்க வா என்று பிரிசில்லாதான் கூப்பிட்டாள். அதிலிருந்து அந்த முன் சீட்டு வடிவுடையதாகிவிட்டது. யாரும் அதில் உட்காருவதில்லை.

சாயங்காலம் அவள் சிகிச்சை அறைக்குப் போனாள். பிரிசில்லா தனியாக இருந்தாள். வலது காலைத் தொடை வரைக்கும் ஐஸ் வாளிக்குள் விட்டு, கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தாள். கழற்றிய கறுப்பு உறை துண்டுக்கு அடியில் கிடந்தது. ஒரு முனை மட்டும் வெளியே தெரிந்தது.

"யாரு, வடிவா? வா. கணக்கு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா."

"யாருக்கு எவ்வளவு?"

"உங்களுக்குப் பதினாறு. பேச்சிக்குப் பத்தொம்பது."

"சரியாத்தான் இருக்கும். நல்லா ஆடுனா." பிரிசில்லா கண்ணைத் திறக்கவில்லை. "பயந்திருக்காளா?"

"ஒத்துக்கிடப் போறேன்னு சொல்லுதா."

"எதை?"

"உங்களப் பாத்துத்தான் ஆடுனேன்னு."

வாளியில் ஐஸ் ஒன்றோடொன்று உரசியது. பிரிசில்லா காலை இடம் மாற்றி வைத்தாள்.

"ஒத்துக்கிட்டா ஒரு வருசத் தடைதான். நான் பேசி ஆறு மாசமாக் குறைக்கலாம். சின்ன வயசு. திரும்பி வந்துருவா."

"திருடின்னு பேரு வரும்லக்கா."

"பேரு மறந்துபோகும் வடிவு. ஊருக்கு எத்தனையோ மறந்துபோகுது."

வடிவு கையிலிருந்த தாளை மடித்தாள். மடித்ததை மறுபடி மடித்தாள். "அக்கா, நீங்க களைச்சுப் போறதே இல்ல."

இப்போது பிரிசில்லா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். கோபம் இல்லை. பஸ்ஸில் இடம் கொடுத்த அன்று பார்த்ததுபோலவே பார்த்தாள்.

"இத எங்கிட்ட சொல்லத்தான் வந்தியா?"

"ஆமாக்கா."

"வேற யார்ட்டயும் சொன்னியா?"

"இல்ல."

"நாளைக்கு உங்கிட்ட புள்ளி சரியான்னு மட்டுந்தான் கேப்பாங்க" என்றாள் பிரிசில்லா. பிறகு துண்டை எடுத்து, உறையின் வெளியே தெரிந்த முனையை மூடினாள். "வீட்டுக்குப் போ. அம்மா தேடுவாங்க."

*

சென்னையிலிருந்து வந்த விசாரணை அதிகாரி சந்தானகோபாலன் மரியாதையான மனிதர். பேச்சியை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். நீளமான மேசையின் ஒரு பக்கம் அவர். எதிரே பேச்சி, கோச். ஓரத்தில் கேப்டன் என்ற முறையில் பிரிசில்லா. கடைசி நாற்காலியில் வடிவு.

"பாரும்மா, நான் உன்னைக் குத்தவாளின்னு சொல்ல வரலை. தொண்ணூத்தொண்ணு பொருந்துது. இரட்டைப் பிறவிக்கே எழுபது தாண்டாது. ரெண்டு பேர்ல ஒருத்தர் அசைவு இன்னொருத்தர்கிட்ட போயிருக்கு. அது மட்டும் நிச்சயம்."

"யார்கிட்ட இருந்து யார்கிட்டன்னு எப்படி சார் சொல்றீங்க?" என்றார் கோச்.

"யார் அசைவு முதல்ல பதிவாச்சோ அவங்களுது அது. கேப்டனோடது ரெண்டு வருஷமா பதிவுல இருக்கு. இந்தப் பொண்ணோடது நேத்து முந்தாநாள் பதிஞ்சது. இதுல யோசிக்க என்ன இருக்கு சார்? பதினோரு வருஷமா ஆடுற கேப்டன் போய் ஸ்கூல் பொண்ணுகிட்டயா எடுப்பாங்க?"

கோச்சே சிரித்துவிட்டார். பிரிசில்லா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வழி இருக்கும்மா. ஒத்துக்கிட்டா ஒரு வருஷம். மறுத்து, நிரூபணமாச்சுன்னா ஆயுசுக்கும்."

பேச்சி இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். "பட்டைய நான் பாத்ததே இல்ல சார். ஆனா அக்கா ஆட்டத்தப் பாத்துத்தான் எனக்கு எல்லாமே. அது குத்தம்னா ஒத்துக்கிறேன்."

"அவசரப்படாத. முதல்ல இதை முடிச்சிடலாம்." அவர் மேசைக் கோடிக்குத் திரும்பினார். "நீங்கதான் கணக்கு பாக்கிறவங்களா? திருத்தின புள்ளிகள் சரியா?"

"சரி சார்" என்றாள் வடிவு. அது அவளுக்கே கேட்கவில்லை.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"சரிதான் சார்."

"நன்றி." அவர் தாளைத் திருப்பினார்.

அடுத்த பக்கத்தை அவர் படிக்க ஆரம்பித்துவிட்டார். வடிவு எழுந்து நின்றாள். ஏன் நிற்கிறாள் என்று கோச் திரும்பிப் பார்த்தார். அவள் பிரிசில்லாவைப் பார்க்காமல் எதிர்ச் சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சைப் பார்த்துப் பேசினாள்.

"இன்னொரு எண் இருக்கு சார். நீங்க கேக்கல."

"சொல்லுங்க."

"கடைசிக் குவார்ட்டர்ல பேச்சியோட அடி ஒரு சாண் குறையுது. அஞ்சு எறிஞ்சு அஞ்சும் தவறிருச்சு. அவ களைச்சுப் போறா. பட்டை அசைவு களைக்காது சார்."

"பழகித் தங்கின அசைவுன்னா களைக்கலாமே?"

"களைக்கலாம். அதனால இத வச்சு அவ எடுக்கலன்னு சொல்ல முடியாது." அவள் பார்வையைச் சுவிட்சிலிருந்து எடுக்கவில்லை. "ஆனா ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக் குறையவே இல்ல. ரெண்டு வருசமா, ஒரு ஆட்டத்துலயும்."

பெயரைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டாள்.

சந்தானகோபாலன் பேனாவை மூடி வைத்தார். கோச்சுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது அவர் பிரிசில்லாவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். வெளியே, அரங்கத்துச் சுவரில் இருந்த பெரிய படத்தின் ஓரம் அங்கிருந்து தெரியும்.

பேச்சிக்குப் புரியவில்லை. எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னக்கா? என்ன சொல்றாக?"

பிரிசில்லா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். குனிந்து வலது காலின் கறுப்பு உறையை உருட்டிக் கழற்றினாள். அதன் உட்புறத்தில் இன்னொரு துணி தைக்கப்பட்டிருந்தது, வெங்காயச் சருகு போல மெல்லியது. இரண்டையும் சேர்த்து மேசைமேல் வைத்தாள். கழற்றிய காலில், முழங்காலுக்கு மேல், தசை பள்ளமாக உள்வாங்கியிருந்தது.

"ஆபரேஷன் ஆனதும் டாக்டர்கிட்ட நடக்கிறதுக்குத்தான் பட்டை கேட்டேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். "என்னோட பழைய ஓட்டத்த யாரும் பட்டையில ஏத்துற மாதிரி பதிஞ்சு வைக்கல. நல்ல காலு ஒண்ணு தேடு, அது மாதிரி நடக்கப் பழக்கலாம்னாங்க."

பிரிசில்லா உறையை மேசை நடுவே தள்ளினாள்.

"பேச்சி."

"அக்கா."

"கேம்ப்ல பொட்டு ஒட்டி உன்ன மட்டும் ஏன் மறுபடி மறுபடி ஓடச் சொன்னேன்னு நினைச்ச?"

"நல்லா ஓடுறேன்னுக்கா."

"ஆமா, நல்லா ஓடுன." பிரிசில்லா இப்போது அவளை நேராகப் பார்த்தாள். "நீ எங்கிட்ட எதையும் எடுக்கல, பிள்ளை. ரெண்டு வருசமா நான் ஓடுறதுதான் உன் காலுல."